கோதுமை இல்லாத பீட்சா: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

திருகோணமலையில் கோதுமையை ஒதுக்கி வைத்துச் சாப்பிடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. 1980 முதல் ஓடிக்கொண்டிருக்கும் பிரிமா மா ஆலை நம்முடைய சீனக்குடாவில்தான் நிற்கிறது. காலையில் பாண், பின்னேரம் ரோல்ஸ், இரவுக்குக் கொத்து என்று ஊரே கோதுமை மாவில் பழகிவிட்டது. இப்படியொரு ஊரில், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத பிள்ளை பீட்சா கேட்டால், "அது உனக்குக் கூடாது" என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். என் மகளிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசி மாவில் நல்ல பீட்சா செய்யலாம். பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று பார்த்துத் திருத்தவும் முடியும்.

உங்கள் பீட்சாவுக்கு என்ன நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். வயிறு பற்றிய கடைசித் தலைப்பை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

இன்னும் பரிசோதனை செய்யாதவர்களுக்கு ஒரு வார்த்தை. "பாண் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது" என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். குளூட்டனால் குடல் புண்படும் சீலியாக் நோயா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்குத்தான் சரியாகக் காட்டும். முன்கூட்டியே நிறுத்தினால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். முதலில் வைத்தியரிடம் போய்ப் பரிசோதித்துவிட்டு, அப்புறம் அடுப்படிக்கு வாருங்கள்.

பிழை பார்க்க ஒரு தொடக்க அளவு

எந்த அளவில் செய்தோம் என்று தெரியாமல் பிழை தேட முடியாது. அதனால் இதை ஒரு தடவை அப்படியே செய்து பாருங்கள்.

வறுக்காத வெள்ளைப் பச்சையரிசி மா 150 கிராம். மரவள்ளி மாச்சத்து 100 கிராம். அது கிடைக்காவிட்டால் கோன் ஃப்ளவர் என்று விற்கும் வெள்ளைச் சோளமா. இசப்கோல் உமி 12 கிராம். ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் 260 மில்லிலீட்டர். சிறிய பீட்சா இரண்டு வரும்.

இசப்கோல் மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்பதுதான். தோடம்பழ வாசனையும் சீனியும் கலந்த பொடி வேண்டாம், வெறும் உமியாகக் கேட்டு வாங்குங்கள். அதைத் தண்ணீரில் போட்டு உடனே அடித்துக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் களியாக இறுகும். அந்தக் களியோடு மற்றதெல்லாவற்றையும் சேர்த்து அகப்பையால் நன்றாகக் கலந்து, எண்ணெய் பூசிய பேக்கிங் பேப்பரில் ஈரக் கையால் பரப்புங்கள். கனம் அரை சென்ரிமீட்டர் போதும். அரை மணித்தியாலம் மூடி வைத்துவிட்டு, மேலே எதுவும் போடாமல் 220 பாகை செல்சியஸில் 12 நிமிடம் வேக விடுங்கள். அப்புறம் தக்காளிக் கூட்டு, சீஸ், மற்றவை எல்லாம் போட்டு இன்னும் 8 முதல் 10 நிமிடம்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். முக்கால்வாசிப் பிழைக்கு வேர் ஒன்றுதான்: அரிசி மாவைக் கோதுமை மா என்று நினைத்துக் கையாளுவது. கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது குளூட்டன் வலையாகப் பின்னிக்கொள்கிறது. ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைப்பதும், மாவை இழுபட வைப்பதும் அந்த வலைதான். அரிசியில் அது இல்லை. எவ்வளவு நேரம் பிசைந்தாலும் வராது. அந்த இடத்தை நிரப்பத்தான் இசப்கோல் களி.

கையில் ஒட்டுகிறது, உருட்டவே வரவில்லை

இது பிழையே இல்லை, இந்த மா இப்படித்தான் இருக்கும். ரொட்டி மா போல உருண்டு திரண்டு நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்து, ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மா தூவினால், கடைசியில் வருவது வரட்டி. தண்ணீரைக் குறைக்காதீர்கள், மாவைக் கூட்டாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, விரல் நுனியால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். கை காய்ந்ததும் திரும்ப நனையுங்கள்.

ஊற்றும் பதத்துக்கு ஓடினால் மட்டும்தான் கவலைப்பட வேண்டும். களி இறுகும் முன் கலந்திருப்பீர்கள், இல்லையென்றால் இசப்கோல் பழசு. பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தானே இறுகிவிடும்.

பருவத்தையும் கவனியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடாமல் வைத்த மா மேலே தோல் போலக் காய்ந்து வெடிக்கும். ஈரத்துணி போட்டு மூடுங்கள். மார்கழி மழையில் அரிசி மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அப்போது தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டியைப் பிடித்துவைத்து, தேவை என்றால் மட்டும் விடுங்கள்.

உள்ளே பச்சையாக, பசை மாதிரி இருக்கிறது

அதிகம் பேர் அலுத்துப்போய்க் கைவிடுவது இந்த இடத்தில்தான். மேலே சிவந்திருக்கும், ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும், கடித்தால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு பல்லில் அப்பும். காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்.

முதலாவது, வெறும் தளத்தை முன்கூட்டி வேக வைத்தீர்களா? கோதுமைப் பீட்சா போல எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே தடவையில் வேக வைத்தால் இந்த மா வேகாது. இதில் மாவும் தண்ணீரும் ஏறக்குறைய சம எடை. அந்தத் தண்ணீர் ஆவியாகப் போக வழி வேண்டும். மேலே தக்காளியும் சீஸும் மூடி நின்றால் அது எங்கே போகும்? முதல் 12 நிமிடம் முடியும்போது தளத்தின் மேல் பக்கம் தொட்டால் காய்ந்திருக்க வேண்டும். விரலில் ஈரம் பட்டால் இன்னும் மூன்று நிமிடம் விடுங்கள்.

இரண்டாவது, அடியில் இருந்து சூடு வருகிறதா? மேசையில் வைக்கும் சின்ன ஓவன்தான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதில் விளக்கு அணைந்தால் சூடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. தட்டைக் கவிழ்த்து உள்ளே வைத்து இருபது நிமிடமாவது காய விடுங்கள். அந்தக் காய்ந்த தட்டின் முதுகில் பேப்பரோடு தளத்தை இழுத்துப் போடுங்கள். போட்ட உடனே "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வர வேண்டும்.

மூன்றாவது, மேலே போட்டது தண்ணீர் விடுகிறதா? திருமலையில் பீட்சா என்றால் கணவாயும் இறாலும் போடாமல் மனசு கேட்காது, போடத்தான் வேண்டும். ஆனால் பச்சைக் கணவாயை நேரே போட்டால் தளம் குளமாகிவிடும். வளையமாக வெட்டி, எண்ணெய் விடாத சூடான தாச்சியில் போடுங்கள். ஒரு நிமிடத்தில் வெள்ளைத் தண்ணீர் பொங்கி வரும். அதை வடித்துவிட்டு, மிளகும் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் பிரட்டி, கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் பீட்சாவில் வையுங்கள். தக்காளியும் அப்படித்தான்: கரண்டியில் எடுத்தால் சொட்டாமல் நிற்கும்வரை வற்ற வையுங்கள். கத்தரிக்காயை மெல்லிசாக வெட்டி முதலில் வாட்டிக்கொள்ளுங்கள்.

இவை மூன்றும் சரி, இன்னும் பசை என்றால் இசப்கோல் கூடிவிட்டது. தேக்கரண்டியால் அளந்தால் குவியலும் மட்டமும் ஆளுக்கு ஆள் மாறும். உமி பொடிந்திருந்தால் அதே கரண்டியில் இரட்டிப்பாக அடங்கும். இந்த ஒரு பொருளையாவது தராசில் நிறுங்கள்.

அப்புறம், வெட்டும் அவசரம். ஓவனில் இருந்து எடுத்தவுடன் எந்த அரிசித் தளமும் உள்ளே களியாகத்தான் இருக்கும். கம்பித் தட்டில் வைத்து ஐந்து நிமிடம் ஆற விடுங்கள், பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் சரி.

நறநறவென்று மணல் கடிபடுகிறது

பிட்டுக்கு என்று வறுத்து வைத்த சிவப்பரிசி மாவைப் போட்டிருப்பீர்கள். பிட்டு உதிர்ந்து வர அந்தக் குறுணல் தேவை, இங்கே ஆகாது. வறுத்த மா தண்ணீரையும் வேறு விதமாக இழுக்கும், அதனால் மேலே சொன்ன அளவும் பிழைக்கும். பச்சையரிசியை ஊறவிட்டு, வடித்து, துணியில் ஈரம் போக உலர்த்தி, வீட்டுக் கிரைண்டரில் அரைத்து, மிக நுண்ணிய அரிதட்டில் இரண்டு தடவை அரித்தெடுத்தால் பட்டுப்போல வரும். அரைத்த மாவில் ஈரம் நிற்கும் என்பதால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள். கடை மா என்றால், கலந்தபின் அரை மணிக்குப் பதில் முக்கால் மணி ஊற விடுங்கள்.

துண்டை எடுத்தால் நடுவில் முறிந்து விழுகிறது

களி போதவில்லை, அல்லது இசப்கோலைத் தண்ணீரில் ஊற வைக்காமல் உலர் மாவோடு கலந்துவிட்டீர்கள். இரண்டு கிராம் கூட்டிப் பாருங்கள். வீட்டில் உழுந்து ஊறப்போட்டிருந்தால், தோசைக்கு அரைப்பதுபோல நுரை வர அரைத்து இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம், அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு. தோசையையும் இட்லியையும் குளூட்டன் இல்லாமலே பிடித்து வைப்பது உழுந்தின் வழுவழுப்புத்தான். இங்கேயும் அது நன்றாக வேலை செய்கிறது. எனக்கு அந்த மணமும் பிடிக்கும்.

பொங்கவில்லை, அல்லது பொங்கி அமர்ந்துவிட்டது

பொங்காவிட்டால் ஈஸ்ட் செத்துவிட்டது. நம் ஊர் வெக்கையில் திறந்த பைக்கற்றை அலுமாரியில் வைத்தால் நிற்காது, காற்றுப் புகாத போத்தலில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். சந்தேகம் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியோடு கரைத்து பத்து நிமிடம் பாருங்கள். நுரைக்கவில்லை என்றால் எறியுங்கள்.

பொங்கி அமர்ந்தால் நேரம் கூடிவிட்டது. குளிர்நாட்டுச் செய்முறைகளில் ஒரு மணி, இரண்டு மணி என்று போட்டிருப்பார்கள். இங்கே மதிய வெயிலில் அரை மணியிலேயே போதுமான அளவு உப்பிவிடும். கோதுமை மாவை அமுக்கி இரண்டாம் தடவை பொங்க விடுவதுபோல இதில் செய்யக் கூடாது. ஒரே ஒரு பொங்கல், அதுவும் பரப்பி வைத்த இடத்திலேயே. காற்றைப் பிடித்து வைக்க வலை இல்லாத மாவை அமுக்கினால் திரும்ப எழும்பாது.

வெந்துவிட்டது, ஆனால் நிறம் வரவில்லை

அரிசியிலும் மரவள்ளியிலும் புரதம் குறைவு. புரதமும் சீனியும் சூட்டில் சேர்ந்துதான் அந்தப் பொன்னிறம் வருகிறது. மாவோடு ஒரு மேசைக்கரண்டி பால்மா சேருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஓரத்தில் கெட்டித் தேங்காய்ப்பால் பூசலாம். நிறத்துக்காக மேலதிக நேரம் வேக வைத்தால் தளம் காய்ந்து கல்லாகும்.

ஆறியதும் கல்

அரிசிச் சோறு மறுநாள் விறைப்பதுபோலத்தான் இதுவும். ஆறும்போது மாச்சத்து திரும்ப இறுகுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக இறுகும். மிஞ்சும் தளத்தை அன்றைக்கே உறைபெட்டிக்குள் வையுங்கள். எடுக்கும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, மூடிய தாச்சியில் சூடாக்கினால் மெதுமையாகிவிடும்.

ஓவனே இல்லை

தடித்த தோசைக்கல் போதும். ஆனால் வீட்டில் கோதுமை ரொட்டி சுடாத கல்லாக இருக்க வேண்டும். எண்ணெய் தடவி, மெல்லிய சூட்டில் மாவைப் பரப்பி, மூடி போட்டு ஏழெட்டு நிமிடம் விடுங்கள். அடி நன்றாகச் சிவந்ததும் திருப்பி, சிவந்த பக்கத்தின்மேல் கூட்டும் சீஸும் போட்டுத் திரும்ப மூடுங்கள். சீஸ் உருகும் நேரத்தில் அடியும் வெந்துவிடும். மேல் சீஸ் பொன்னிறமாகாது, சுவையில் குறை இல்லை.

பீட்சா அருமை, ஆனால் சாப்பிட்டபின் வயிறு கேட்கவில்லை

தளத்தில் எந்தப் பிழையும் இல்லாமல் இருக்கும்போதே இது நடக்கலாம். எங்கிருந்து குளூட்டன் வந்தது என்று தேட வேண்டும். எவ்வளவு சிறிய அளவு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சர்வதேச உணவு நெறியான கோடெக்ஸ், ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் அற்றது என்று சொல்ல விடாது. கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அரைக் கிலோ பீட்சாவில் 1 கிராம் கோதுமை மா விழுந்தாலே அந்த எல்லையைப் போலப் பத்து மடங்கு ஆகிவிடும். சீலியாக் உள்ளவர்கள் "கொஞ்சம்தானே" என்று விட முடியாததற்குக் காரணம் இதுதான்.

மில்லில் தொடங்குங்கள். அரிசியை நீங்கள் கழுவிக் காயவைத்து எவ்வளவு சுத்தமாகக் கொண்டு போனாலும், உங்களுக்கு முன்னால் வந்தவர் சத்துமாவுக்குக் கோதுமை அரைத்திருந்தால் அது உங்கள் வாளிக்குள்தான் விழும். மில் வாயில் தட்டிப் பார்த்தால் முதல் ஆளின் மா உதிர்வது கண்ணுக்கே தெரியும். "அண்ணா, எனக்கு முன்னால என்ன அரைச்சீங்க?" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். ஆனாலும் முதல் ஒரு கிலோவை ஒதுக்கினால் போதும் என்று நான் நம்ப மாட்டேன், சீலியாக் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வீட்டிலேயே அரைப்பதுதான் சரி. குரக்கன் மாவும் அப்படித்தான். குரக்கனில் குளூட்டன் இல்லை, ஆனால் குரக்கன் மா என்று வாங்குவதில் கோதுமை மா கலந்திருக்கக் கூடும். முழுத் தானியமாக வாங்குங்கள். உழுந்து மாவையும் பொதியாக வாங்காமல் பருப்பாகவே வாங்குங்கள்.

அடுத்தது பாத்திரங்கள். அரிதட்டுத்தான் பெரிய குற்றவாளி. கம்பி வலையின் விளிம்பு மடிப்பில் கோதுமை மா ஒளிந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அரிதட்டு, மரப் பலகை, மர அகப்பை, ரொட்டிக் கட்டை இவற்றைத் தனியாக வாங்கி, சிவப்பு நூல் கட்டி வையுங்கள். எஃகுப் பாத்திரமும் கண்ணாடியும் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும். அதே அடுப்படியில் அன்றைக்குக் கோதுமை ரொட்டியும் சுடுவதானால், முதலில் பீட்சாவை முடித்து மூடி வைத்துவிட்டு ரொட்டியைத் தொடுங்கள். பறக்கும் மா நீண்ட நேரம் காற்றில் நிற்கும்.

பிறகு மேலே போட்டவை. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துத்தான் நொதிக்க வைக்கிறார்கள். பெருங்காயத் தூளில் பலசமயம் கோதுமை மா கலந்திருக்கும். சொசேஜ், மீட்போல்ஸ், சுவையூட்டிய சோயா மீட், சூப் கட்டி எல்லாவற்றிலும் பொதியின் பின்பக்கத்தை வாசிக்காமல் போடாதீர்கள். பார்லியிலும் குளூட்டன் உண்டு, ஆகவே பார்லியை முளைக்கவிட்டு எடுக்கும் மோல்ட் என்று எழுதியிருந்தாலும் விலக்குங்கள். பீட்சாவோடு குடிக்கக் கொடுக்கும் மோல்ட் பானமும் இதில் அடங்கும். புதுக் கணவாய், இறால், மரக்கறி, நீங்களே வற்ற வைத்த தக்காளி இவற்றில் இந்தத் தலையிடி எதுவும் இல்லை.

வெளியில் சாப்பிட்டீர்களா என்பதையும் நினைத்துப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவருக்காகப் பீட்சா சுடும் இடங்களில் குளூட்டன் இல்லாததும் தருகிறோம் என்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த மா என்பதில்லை, எந்த ஓவன் என்பதுதான். கோதுமைத் தளம் நாள் முழுக்க வெந்த அதே கல்லில் உங்கள் தளமும் வெந்தால் சீலியாக் உள்ளவர் தொடக் கூடாது.

இவ்வளவும் சுத்தம், இன்னும் வயிறு ஊதுகிறது என்றால் குளூட்டனை விட்டுவிட்டு வேறு பக்கம் பாருங்கள். சீலியாக்கால் குடல் புண்பட்டிருக்கும் காலத்தில் பாலில் உள்ள லக்டோஸ் செரிக்காமல் போவது சகஜம். குடல் ஆற ஆற அது பலருக்குச் சரியாகும். அதுவரை சீஸைக் குறைத்து, பால்மாவை விட்டுவிடுங்கள். இசப்கோலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வாயு உண்டாக்கும், அன்றைக்குத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

சீலியாக் இல்லை, ஆனாலும் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்பவர்கள் வெங்காயத்தையும் உள்ளியையும் ஒரு தடவை விலக்கிப் பாருங்கள். கோதுமையிலும் இவற்றிலும் ஃப்ரக்டன் என்ற மாச்சத்து வகை உண்டு. நோர்வேயில் இப்படிப்பட்ட 59 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், குளூட்டன் கொடுத்தபோது வராத தொல்லை ஃப்ரக்டன் கொடுத்தபோது கூடியது. தக்காளிக் கூட்டில் உள்ளியை அரைத்துப் போடாமல், எண்ணெயில் முழுப் பல்லாகப் பொரித்து மணத்தை இறக்கிவிட்டுப் பல்லை எடுத்து எறியுங்கள். ஃப்ரக்டன் எண்ணெயில் கரையாது, மணம் மட்டும் கூட்டில் நிற்கும்.

என்ன போட்டோம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எப்போது வயிறு குழம்பியது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பீட்சாவுக்குப் பின் எது என்று அதிலேயே தெரிய வரும். தெரியவில்லை என்றால் கொப்பியை வைத்தியரிடம் கொண்டு போங்கள். எடை இறங்குகிறது, இரத்தசோகை என்கிறார்கள், பிள்ளை வயதுக்கேற்ப வளரவில்லை என்றால், கொப்பி நிரம்பும்வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.